பட்டியலில் முட்டை, தட்டில் உப்புமா

கேள்வி: என் தாயாருக்கு வயது 78. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் லேசான பக்கவாதம் வந்து தேறினார். எனக்கு வேலை திருப்பூரில் என்பதால், எட்டு மாதங்களாக அவரைக் கோத்தகிரிப் பக்கம் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறேன். மாலை 6 மணிக்கு இன்சுலின் போட்டு, 6.30-க்கு இரவு உணவு கொடுக்கிறார்கள். ஞாயிறுதோறும் அந்த வாரத்து உணவுப் பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறது. முட்டை, கீரை, சுண்டல், படுக்கும்போது பால் என்று எல்லாமே அதில் இருக்கும். நான் நேரில் போன மூன்று முறையும் தட்டில் இருந்தது வேறு. இட்லியும் முட்டையும் என்று போட்டிருந்த நாளில் ரவை உப்புமாவும் ஊறுகாயும், பீன்ஸ் பொரியல் என்ற நாளில் உருளைக்கிழங்கு. கேட்டால், "மலையில் காய் வரத்து அப்படித்தான்" என்கிறார்கள். சென்ற மாதம் ஒருநாள் விடியற்காலை 3 மணிக்குச் சர்க்கரை 58-க்கு இறங்கிவிட்டது. மூன்று மாதத்தில் எடை 52 கிலோவிலிருந்து 48-க்கு வந்திருக்கிறது. புகார் கொடுக்கலாமா, வேறு இல்லம் பார்க்கலாமா, அல்லது வீட்டிலிருந்தே ஏதாவது செய்து அனுப்பட்டுமா? தண்ணீர் குடிக்கும்போது அம்மாவுக்கு அவ்வப்போது புரையேறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
ஒரு வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் எழுதியதைப்போல நீங்கள் கடைசியாக எழுதியிருக்கும் வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பக்கவாதம் வந்து தேறிய ஒருவருக்குத் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறது என்றால், கைகால் பழைய நிலைக்கு வந்த பிறகும் விழுங்கும் தசைகள் முழுமையாகத் தேறவில்லை என்று அதற்குப் பொருள் இருக்கலாம். உணவும் நீரும் சிறிது சிறிதாக மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மலைப்பகுதி இல்லங்களில் அதைக் 'குளிருக்கு வந்த சளி' என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கோவைக்கு அழைத்துவந்து, விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை அவரை நேராக உட்காரவைத்து, சிறு சிறு மிடறாகக் குடிக்கச் செய்து, சாப்பிட்ட பின் அரைமணி நேரமாவது படுக்கவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி இல்லத்தில் சொல்லுங்கள்.

உணவுப் பட்டியலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வயதானவர்களுக்கு எளிதாக இறங்கும் என்று நம் வீடுகளில் முதலில் கொடுப்பது ரசம் சாதம். ஆனால் விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு, நீர்த்த ரசமும் திரண்ட பருக்கையும் ஒரே கவளத்தில் சேர்ந்து வருவதைப்போல ஆபத்தான உணவு குறைவு. பருக்கையை மெல்வதற்குள் ரசம் முந்திக்கொண்டு இறங்கிவிடும். இதற்கென்று உலக அளவில் 0 முதல் 7 வரை படிகள் வகுத்த ஓர் அளவுமுறை இருக்கிறது. அதில் 5-ஆம் படி, அதாவது பொடியாக மசித்த ஈரமான உணவு என்றால், துண்டுகளின் அகலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு சாதாரண முள்கரண்டியின் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளிதான் அந்த 4 மில்லிமீட்டர். உங்கள் இல்லத்துப் பட்டியலில் 'மசித்த உணவு' என்ற சொல் இருந்தால், யார், எதைக்கொண்டு, எந்த அளவுக்கு மசிக்கிறார்கள் என்று கேளுங்கள். கையால் பிசைந்துவிட்டு மசித்தாயிற்று என்பவர்கள் உண்டு.

இனி அந்த 58. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலே அது தாழ்சர்க்கரை. 78 வயதில், தூக்கத்தில், 58 என்பது சாதாரணச் செய்தி அல்ல. நீங்கள் கொடுத்திருக்கும் நேரங்களை வைத்துப் பார்த்தால் அந்த இரவு எப்படிக் கழிந்திருக்கும் என்பதை ஏறக்குறைய ஊகிக்க முடிகிறது. ஆறு மணிக்கு இன்சுலின் போடப்பட்டிருக்கிறது. ஆறரைக்கு வந்த தட்டில் எதிர்பார்த்தது இல்லாததாலோ, ஆறிப்போயிருந்ததாலோ, அவர் பாதியில் கையை எடுத்திருப்பார். படுக்கைநேரப் பால் வரவில்லை. காலைச் சிற்றுண்டி எட்டரை மணிக்கு என்று வைத்துக்கொண்டால், அரைவயிற்றோடு 14 மணி நேரம். இன்சுலின் மட்டும் முழு அளவு.

அமெரிக்காவில் முதியோர் மருத்துவ இல்லங்களுக்கான மைய அரசு விதிமுறை, இரவு உணவுக்கும் மறுநாள் காலை உணவுக்கும் இடையே 14 மணி நேரத்துக்குமேல் போகக் கூடாது என்கிறது. படுக்கும்போது சத்துள்ள சிற்றுணவு கொடுத்து, அங்கு வசிப்பவர்களும் ஒப்புக்கொண்டால் மட்டும் 16 மணி வரை போகலாம். பட்டியலை முன்கூட்டியே தயாரிக்க வேண்டும், தயாரித்ததைப் பின்பற்றவும் வேண்டும் என்பதும் அதே விதிமுறையில் உள்ளதுதான். அந்த நாட்டுச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வயிற்றுக்கும் கணையத்துக்கும் நாடு ஏது?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து இல்லங்களில் இரவு உணவு ஆறரைக்கே முடிந்துவிடுவதற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. சமையற்கட்டில் வேலை செய்யும் பெண்கள் இருட்டுவதற்குள் தேயிலைத் தோட்டத்து வழியே வீடு போய்ச் சேர வேண்டும். வழியில் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். ஆகவே உணவு நேரத்தை எட்டு மணிக்குத் தள்ளுங்கள் என்று நீங்கள் கேட்டாலும் நடக்காது. அதனால்தான் ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டிய அந்த ஒரு தம்ளர் பாலுக்கு இத்தனை முக்கியத்துவம். பட்டியலில் இருந்து சத்தமில்லாமல் காணாமல்போகும் முதல் பொருளும் அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசனைக்குப் போய்வந்த ஓர் இல்லத்தில், பிளாஸ்கில் ஊற்றிவைத்த பால் காலையில் அப்படியே இருப்பதைக் கண்டு இரவுப்பணி ஆயாவிடம் விசாரித்தேன். "பால் குடிச்சா பாட்டிங்க ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுப்புவாங்க மேடம். இருபத்தி ரெண்டு பேருக்கு நான் ஒருத்திதான்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டாவது ஆள் போடாத நிர்வாகத்தின்மேல்தான் வந்தது. அங்கே பாலின் அளவைக் குறைத்து, 100 மில்லி பாலில் கெட்டியாகக் கரைத்த கேழ்வரகுக் கூழாக மாற்றி, நேரத்தையும் எட்டரைக்குக் கொண்டுவந்தோம்; அதன்பிறகு பிளாஸ்க் காலியாகத்தான் கழுவப்போனது.

தட்டும் பட்டியலும் பொருந்தாமல் போவதற்கு எல்லா இடத்திலும் திருட்டுத்தனம்தான் காரணம் என்று எண்ண வேண்டாம். பட்டியலில் எழுதியபடியே சமைத்து, எழுதியபடியே பரிமாறி, அப்படியும் எழுதியது வயிற்றுக்குள் போகாமல் இருப்பது மலையில் சகஜம். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். உதகையில் இன்னும் ஒரு டிகிரி குறையும். திறந்த அண்டாவில் எத்தனை நேரம் கொதித்தாலும் வெப்பம் அதற்குமேல் ஏறாது என்பதால், சமவெளியில் வேகிற நேரத்தில் கொண்டைக்கடலை இங்கே வேகாது. பெரிய குக்கர் பழுதாகி ஆவி பிடிக்காத வாரத்தில் சுண்டல் பல்லில் கடிபடும், பல் இல்லாதவர்கள் ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். 'சுண்டல் வழங்கப்பட்டது' என்று நோட்டில் ஏறும். ஏறியது பொய்யும் இல்லை.

சாம்பாரிலும் ஒரு சங்கதி உண்டு. வாளியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகும்போது பருப்பு அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் அடிவரை கரண்டியை விட்டுக் கலக்காமல் மேலாக மொண்டு ஊற்றினால் முதல் அறைக்குப் புளித்தண்ணீரும், கடைசி அறைக்குப் பருப்பும் போகும். உங்கள் தாயாரின் அறை வரிசையில் எத்தனையாவது என்று கவனியுங்கள். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, ஒரே வாளியிலிருந்து முதல் தம்ளரையும் கடைசித் தம்ளரையும் எடுத்துச் சற்றுநேரம் தெளியவிட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் ஆலோசனைக்குப் போன இல்லத்துச் சமையல் மாஸ்டருக்குக் காட்டினேன். அவரே அதிர்ந்துபோனார். மறுநாளிலிருந்து வாளி முதல் அறையிலிருந்து ஒருநாள், கடைசி அறையிலிருந்து ஒருநாள் என்று கிளம்பியது. கரண்டியும் கலக்கப் பழகிக்கொண்டது.

காய் வரத்து பற்றிய பதிலுக்கு வருகிறேன். அது பாதி உண்மை. கீரை, முருங்கை, கத்தரி, வாழைப்பழம், தேங்காய் எல்லாம் மலையடிவாரத்திலிருந்து ஏறி வர வேண்டியவை. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்துவிட்டால் இரண்டு மூன்று நாள் வராமலும் போகும், கோடை சீசன் கூட்டத்தில் வண்டி நேரத்துக்கு வந்து சேராது. ஆனால் கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், பீட்ரூட், அவரை ஆகியவை வாசலில் விளைகிறவை. இங்கிருந்து லாரி லாரியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப்போகும் பீன்ஸ், கோத்தகிரிச் சமையற்கட்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால், அன்றைய விலை கட்டுப்படியாகவில்லை என்று அர்த்தம். உருளைக்கிழங்கு மூட்டையாகக் கிடக்கும், கெடாது, உரிப்பதும் சுலபம். சோற்றோடு உருளைக்கிழங்கு சேர்ந்தால் சர்க்கரை நோயாளிக்கு மாவுச்சத்தின்மேல் மாவுச்சத்து ஏற்றியதாகும். மூன்று மணி நேரத்தில் சர்க்கரை ஏறும், அதைப் பார்த்து மருத்துவர் இன்சுலினைக் கூட்டுவார், கூட்டிய மறுநாள் உணவு குறைவாக வரும், இரவில் இறங்கும். உங்கள் தாயாரின் குறிப்பேட்டில் இப்படி ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதனால்தான் உணவுப் பட்டியலை நான் வாடிக்கையாளரைக் கவரும் விளம்பரத்தாளாக ஒருபோதும் பார்ப்பதில்லை. மருத்துவர் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும், சிஸ்டர் ஊசி போடும் நேரத்தைக் கணிப்பதும் அந்தத் தாளை நம்பித்தான். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு, வாரத்தில் ஒரே அளவாக வந்துகொண்டிருந்த கீரை திடீரென்று நின்றாலோ, திடீரென்று தினமும் வந்தாலோ ரத்தப் பரிசோதனை முடிவே மாறிவிடும். ஆகவே உணவை மாற்றுவதை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். மலையில் மாற்றாமல் ஓர் இல்லத்தை நடத்தவே முடியாது. மாற்றியதை எழுதாமல் விடுவதுதான் குற்றம்.

மாற்றும்போதும் நிகரானதை மாற்ற வேண்டும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. முட்டை வராத நாளில் 200 மில்லி பாலோ, 30 கிராம் பொட்டுக்கடலையைப் பொடித்துக் கூழில் கலந்ததோ அந்த இடத்தை நிரப்பும். உப்புமாவும் ஊறுகாயும் நிரப்பாது. ஊறுகாய் உப்பைத்தான் கூட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது, அதாவது 52 கிலோ எடைக்கு 43 கிராம். முதுமையில் தசை கரைவதைத் தடுக்க 1 கிராமிலிருந்து 1.2 கிராம் வரை தேவை என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பலருடைய கருத்து; சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் எழுதிய தட்டுகளை வைத்து மனத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். அவர் முழுவதையும் சாப்பிட்டிருந்தாலும் அந்த 43-ஐத் தொடுவது சந்தேகம். 52-லிருந்து 48 என்பது நூற்றுக்கு 7.7 பங்கு இழப்பு. ஒரு மாதத்தில் நூற்றுக்கு 5, மூன்று மாதத்தில் 7.5, ஆறு மாதத்தில் 10 குறைந்தாலே உடனே கவனிக்க வேண்டியது என்பது முதியோர் பராமரிப்பில் புழங்கும் கணக்கு. அந்த எல்லையை அவர் தாண்டிவிட்டார், ஆகவே உணவை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிராமல் மருத்துவரிடமும் இந்த வாரமே காட்டுங்கள்.

அடுத்து உங்கள் மூன்று கேள்விகள். புகார் கொடுப்பதற்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். மதிய நேரத்தில் போகாமல், மாலை ஐந்தரை மணிக்குப் போங்கள். பார்வையாளர் வரும் நேரத்துத் தட்டு வேறு, ஆறரை மணித் தட்டு வேறு. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அதே உணவை நீங்களும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். சோறு சூடாக வருகிறதா என்று பாருங்கள்; எவர்சில்வர் தட்டில் போட்ட சோறு மலைக் குளிரில் ஐந்து நிமிடத்தில் விறைத்துவிடும், விறைத்த சோற்றை முதியவர்கள் மெல்லமாட்டார்கள். எவ்வளவு மிச்சம் வைத்தார் என்பதைச் சிஸ்டர் எழுதுகிறாரா, இல்லை எல்லாருக்கும் 'முழுதும் உண்டார்' என்று ஒரே கோட்டில் டிக் அடிக்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

பிறகு மேலாளரையும் மாஸ்டரையும் சிஸ்டரையும் ஒரே மேசையில் வைத்துப் பேசுங்கள். தனித்தனியாகப் பேசினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். கூடுதல் உணவு எதையும் கேட்காதீர்கள். கரும்பலகையில் அன்றன்று மாறிய உணவைச் சுண்ணக்கட்டியால் அடித்து எழுதச் சொல்லுங்கள், மாறியதை இன்சுலின் போடுவதற்கு முன்பே மாஸ்டர் சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று கேளுங்கள். தட்டு கண்ணெதிரே வந்த பிறகு ஊசி போடலாமா, அவர் பாதிதான் சாப்பிட்டால் என்ன செய்வது என்பதை இன்சுலினின் வகையைப் பார்த்து மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். அந்தத் தாள் அம்மாவின் கட்டிலருகே இருக்கட்டும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, அவர் நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைச் சிறிது நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். நினைவு மங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அவருக்குப் புரையேறும் பழக்கம் வேறு இருப்பதால் இதைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டிலிருந்து செய்து அனுப்புவதை நான் ஆதரிக்கவில்லை. மகள் அனுப்பிய சத்துமாவு உருண்டை என்று அம்மா தலையணைக்கு அடியில் வைத்து நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுவார். பட்டியலில் இல்லாத உணவு தட்டில் வருகிறது என்று யார்மேல் குறைப்படுகிறீர்களோ, அவர்கள் செய்வதையே நீங்களும் செய்தவர் ஆவீர்கள். தரத்தான் வேண்டும் என்றால் பொட்டுக்கடலை மாவையும் கேழ்வரகு மாவையும் சிஸ்டர் கையில் கொடுத்து, எட்டரை மணிக் கூழுக்கு என்று நோட்டில் எழுதவைத்துவிட்டு வாருங்கள். அவரது விழுங்கும் திறனுக்கு எந்தக் கெட்டி ஏற்றது என்பதை மட்டும் பரிசோதனைக்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு மாதம் பொறுத்தும் பலகையில் ஒன்று, தட்டில் ஒன்று என்று தொடர்ந்தால் புகார் கொடுக்கத் தயங்க வேண்டாம். சமையற்கட்டின் சுத்தமும் உணவின் பாதுகாப்பும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும். அதற்கான அலுவலர்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். வாக்களித்த உணவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தராமல் இருப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு. நுகர்வோர் உதவி எண் 1915, முதியோர் உதவி எண் 14567. அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியல்களை அழித்துவிடாதீர்கள், அவைதான் உங்கள் கையில் உள்ள சாட்சி. ஆனால் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். புகார் போன அன்று இரவும் அம்மாவுக்குச் சோறு போடப்போவது அதே கைகள்தான். ஆகையால் முதலில் பேச்சு, பிறகு எழுத்து மூலமாக நிர்வாகத்துக்கு, அதன்பிறகே வெளியே.

வேறு இல்லம் பார்ப்பது பற்றி இப்போதே முடிவெடுக்க வேண்டாம். 78 வயதில் இடம்மாறிய முதல் சில வாரங்களில் சாப்பாடு இன்னும் குறையும். பேச உட்கார்ந்தபோது "ஆமாம், மாற்றினோம், இனி எழுதிவைக்கிறோம்" என்று சொல்கிற இல்லத்தோடு காலம் தள்ளலாம். அந்தத் தட்டைப் புகைப்படம் எடுக்கக் கூடாது என்று தடுக்கிறவர்கள், எடை நோட்டைக் காட்ட மறுக்கிறவர்கள், விடியற்காலை இறங்கிய சர்க்கரையைக் குறித்துவைக்காமல் விட்டவர்கள் என்றால், மழைக்காலம் தொடங்குவதற்குள் மாற்றிவிடுங்கள்.

நான்கு வாரத்துக்கு, ஒவ்வொரு ஞாயிறும் காலையில், வெறும் வயிற்றில், அதே ஸ்வெட்டரோடு அதே எடைப்பொறியில் அவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர்காலத்து ஸ்வெட்டரும் சால்வையுமே ஒரு கிலோவை மறைத்துவிடும். அந்த நான்கு எண்களையும், படுக்கைநேரப் பாலோ எட்டரை மணிக் கூழோ 28 இரவுகளில் எத்தனை இரவு கிடைத்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.